ஒரே ஒயரில் இரண்டு பேச்சு: எக்ஸ்10 விளக்கும் எனர்ஜி மானிட்டரும் ஏன் மோதிக்கொள்கின்றன?

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்கு வசதியாகச் சுருக்கி, திருத்திய எழுத்து வடிவம்.)

போன எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்றுக்கு ரெண்டு வரியில் பதில் சொல்ல முடியலை. அதனால் இந்த எபிசோடே அந்தக் கேள்விக்குத்தான்.

கேட்டவர் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கார். கொஞ்சம் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கார். முந்தைய உரிமையாளர் வீடு முழுக்க எக்ஸ்10 மாட்யூல்கள் போட்டுவைத்திருந்தார். படிக்கட்டில் யாராவது நடமாடினால் விளக்கு தானாக எரியும். திருச்சியில் இருந்து வந்திருக்கும் அவங்க அப்பா ராத்திரி எழுந்து கீழே இறங்குவதற்கு அது ரொம்ப உதவியாக இருந்தது. போன மாதம் நேயர் கரண்ட் பில்லைக் கண்காணிக்க ஒரு எனர்ஜி மானிட்டர் வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து படிக்கட்டு விளக்கு சில நாள் எரியுது, சில நாள் எரியலை. ஒரு ராத்திரி அப்பா இருட்டில் கடைசிப் படியைத் தவறவிட்டு, கைப்பிடியைப் பிடித்து நின்றிருக்கார். நேயரின் கேள்வி: "மானிட்டரைக் கழற்றணுமா, எக்ஸ்10-ஐத் தூக்கிப் போடணுமா?"

ரெண்டும் அவசரம்னுதான் நான் சொல்வேன். முதலில் அந்த ஒயருக்குள் என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம்.

கரண்ட் ஒயரே நெட்வொர்க்

எக்ஸ்10 இன்றைக்கு நேற்று வந்தது இல்லை. ஸ்காட்லாந்தில் உள்ள பிகோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-ல் உருவாக்கியது. 1978-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. வைஃபை கிடையாது, தனி கேபிள் கிடையாது. வீட்டில் ஏற்கெனவே ஓடும் கரண்ட் ஒயரிலேயே செய்தி அனுப்பும். அந்தக் காலத்துக்கு இது பெரிய யோசனைதான்.

எப்படி அனுப்புது? அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஒரு செகண்டுக்கு 60 அலைகள். ஒவ்வொரு அலையும் இரண்டு முறை பூஜ்யம் வோல்ட்டைக் கடக்கும். அப்படிக் கடக்கும் நேரத்தில் ஒயர் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். எக்ஸ்10 அந்த அமைதியான இடத்தில், 120 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு சின்ன விசில் அடிக்கும். எல்லாக் கருவிகளுக்கும் அந்தப் பூஜ்யமே பொதுக் கடிகாரம். தனியாக நேரம் ஒத்துப்பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு பிட் அனுப்ப இரண்டு பூஜ்யங்கள் வேணும். முதலில் விசில், அடுத்தது மௌனம் என்றால் 1. முதலில் மௌனம், அடுத்தது விசில் என்றால் 0. இந்த ஜோடியை நினைவில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒரு செய்திக்கு 11 அலைகள் ஆகும். அதை இரண்டு முறை சொல்லும், ஆக 22. முதலில் "எந்த விளக்கு" என்ற முகவரி, 22 அலைகள். பிறகு 3 அலை இடைவெளி. பிறகு "எரி" என்ற கட்டளை, இன்னொரு 22. மொத்தம் 47 அலைகள். 47-ஐ 60-ஆல் வகுத்தால் சுமார் 0.78 செகண்ட். ஒரு விளக்கைப் போட முக்கால் செகண்டுக்கு மேல் ஒயரில் பேசிக்கிட்டே இருக்கணும்.

மானிட்டர் எங்கே உட்காருது?

இப்போ எனர்ஜி மானிட்டர் பக்கம் வருவோம். இதில் ரெண்டு வகை. இன்றைக்கு விற்கும் பல மானிட்டர்கள் வைஃபையில் தரவு அனுப்பும். இன்னொரு வகை, குறிப்பாக 2009 வாக்கில் அமெரிக்காவில் பரவலாகப் பேசப்பட்ட டெட் 5000 போன்றவை, அளவுகளை கரண்ட் ஒயர் வழியாகவே அனுப்பும். மெயின் பேனலுக்குள் ஒரு அளவிடும் பெட்டி இருக்கும். பெரிய ஒயர்களைச் சுற்றி கவ்வும் வளையங்கள் கரண்டை அளக்கும். ஹாலில் ஏதோ ஒரு ப்ளக் பாயிண்டில் கேட்வே இருக்கும். பெட்டி ஒயரில் பேசும், கேட்வே கேட்கும், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும்.

நம்ம நேயர் வாங்கியது இந்த இரண்டாவது வகை, செகண்ட்ஹேண்டில். பிராண்ட் பெயர் இங்கே முக்கியம் இல்லை.

வீட்டின் எல்லா சர்க்யூட்டும் வந்து சேரும் இடம் மெயின் பேனல். ஊர்ச் சந்தை நடுவில் மைக் கட்டினது போல, அளவிடும் பெட்டி அங்கே உட்கார்ந்து பேசுது. அது செகண்டுக்கு ஒரு முறை பேசும்னு வச்சுக்கோங்க. எக்ஸ்10-க்கு ஒரு கட்டளை முடிக்க 0.78 செகண்ட் வேணும். இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல் பேசினால், நாலில் மூணு தடவைக்கு மேல் எங்கேயாவது உரசத்தான் செய்யும். இரண்டின் அதிர்வெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அந்த உரசல் மோதலாகும்.

மோதினால் என்ன ஆகும்? விசில்-மௌனம் ஜோடியை நினைவு வைக்கச் சொன்னேன் இல்லையா? மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில் மானிட்டரின் குரல் விழுந்தால், மாட்யூலுக்குக் கேட்பது விசில்-விசில். அப்படி ஒரு பிட்டே கிடையாது. செய்தி முழுவதும் குப்பைக்குப் போகும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்வதால், ஒரு பிரதி தப்பினால் பல மாட்யூல்கள் ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் "சில நாள் எரியுது, சில நாள் எரியலை".

ஒரே மோதல், இரண்டு இழப்பு

இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும்னா, அது இதுவாக இருக்கட்டும்.

மோதலில் மானிட்டரும் ஒரு அளவை இழக்குது. ஆனால் அடுத்த செகண்டில் அடுத்த அளவு வந்துடும். கிராஃபில் ஒரு புள்ளி குறைஞ்சதை யார் கவனிக்கப் போறா? எக்ஸ்10 இழப்பது ஒரு கட்டளையை. வழக்கமான எக்ஸ்10 மாட்யூல் "கிடைச்சது" என்று பதில் சொல்லாது. அனுப்பியவருக்கும் போய்ச் சேர்ந்ததான்னு தெரியாது, மறுபடி அனுப்பவும் மாட்டார். படிக்கட்டு இருட்டாகவே இருக்கும்.

அதனால் பார்க்கிறவருக்கு மானிட்டர் ஆரோக்கியமாகத் தெரியும், எக்ஸ்10 கெட்டுப்போனதாகத் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே அடியைத்தான் வாங்குது. ஒன்றுக்கு அதைத் தாங்கும் வசதி இருக்கு, இன்னொன்றுக்கு இல்லை. 2005-ல் வந்த இன்ஸ்டியான் இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டது. அதுவும் கரண்ட் ஒயரில் 131.65 கிலோஹெர்ட்ஸில் பேசும், கூடவே ரேடியோவிலும் பேசும். முக்கியமாக, பதில் வரலைன்னா மறுபடி முயற்சி செய்யும்.

நம்ம சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது யுடிபி, டிசிபி கதைதான். யுடிபி-யில் ஓடும் ஒரு விஷயத்தை நம்பி ஒரு பெரியவரை ராத்திரி படியிறங்க விடுறோம்.

சத்தம் வேறு, உறிஞ்சல் வேறு

மோதலைத் தவிர இன்னும் ரெண்டு வில்லன்கள் உண்டு. பலரும் ரெண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கிறாங்க.

முதலாவது சத்தம். மலிவான எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், டிம்மர் போன்றவை ஒயரில் தாறுமாறாக இரைச்சல் போடும். எக்ஸ்10 பேசினாலும் கேட்காது.

இரண்டாவது உறிஞ்சல். இது எந்த இரைச்சலும் போடாது. சிக்னலைச் சத்தமில்லாமல் குடிச்சுடும். யுபிஎஸ், சர்ஜ் ப்ரொடெக்டர், டிவி, கம்ப்யூட்டர் பவர் சப்ளை போன்ற பலவற்றின் வாசலில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 60 ஹெர்ட்ஸில் சுமார் 26,500 ஓம். வீட்டு மின்சாரத்துக்கு அது இருப்பதே தெரியாது. அதே கெபாசிட்டர் 120 கிலோஹெர்ட்ஸில் சுமார் 13 ஓம். எக்ஸ்10 சிக்னலுக்கு அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். சில வோல்ட்டில் கிளம்பும் சிக்னல், இப்படிப்பட்ட நாலைந்து கருவிகளைத் தாண்டினால், மாட்யூல் கேட்க முடியாத அளவுக்குத் தேய்ந்துவிடும்.

அமெரிக்க வீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கு. தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வீட்டுக்கு இரண்டு 120 வோல்ட் லைன் வரும். பாதி ப்ளக் பாயிண்ட் ஒரு லைனில், மீதி இன்னொன்றில். ஒரு லைனில் கிளம்பும் சிக்னல் மறு லைனுக்குப் போகணும்னா, தெரு டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்பணும். துணி உலர்த்தும் டிரையர் மாதிரி 240 வோல்ட் கருவி ஓடும்போது அதன் வழியாகவும் தாண்டும். அதனால் "டிரையர் ஓடும்போது மட்டும் விளக்கு ஒழுங்காக எரியுது" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீங்க. ரொம்ப முக்கியமான துப்பு அது. அந்த வீட்டுக்கு இரண்டு லைனையும் இணைக்கும் கப்ளர் தேவை. அதை எலெக்ட்ரீஷியன்தான் பொருத்தணும்.

எப்படித் தேடினோம்

நேயரோடு வீடியோ காலில் உட்கார்ந்து இதை வரிசையாகச் செய்தோம். உங்க வீட்டிலும் இதே வரிசை வேலை செய்யும்.

முதல் படி, சங்கிலியைப் பிரிப்பது. படிக்கட்டு சென்சார் பேட்டரியில் ஓடுது. அது 310 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் ஒரு ரிசீவர் பெட்டிக்குச் சொல்லும். அந்தப் பெட்டிதான் கரண்ட் ஒயரில் பேசும். அந்தப் பெட்டியிலேயே ஒரு ப்ளக் பாயிண்ட் இருக்கு. சென்சாருக்கு அந்தப் பாயிண்டின் குறியீட்டைக் கொடுத்து, முன்னால் கையை ஆட்டினோம். ஒவ்வொரு முறையும் பெட்டியில் "டக்" சத்தம். ஆக ரேடியோ பகுதி சரி, கோளாறு ஒயரில்.

இரண்டாவது, அளவுகோல். "சில நேரம் எரியுது" என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பத்து தடவை கட்டளை அனுப்பி எத்தனை எரிந்தது என்று எழுதச் சொன்னேன். பத்துக்கு நாலு.

மூன்றாவது, மானிட்டர். பேனலில் அளவிடும் பெட்டிக்கு உள்ள பிரேக்கரை மட்டும் அணைத்தோம். பத்துக்கு ஏழு. முன்னேற்றம்தான், ஆனால் முழுசாகச் சரியாகலை. அவர் கேள்விக்கான பாதி பதில் இங்கேயே வந்துவிட்டது: மானிட்டர் ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை.

நான்காவது, பாதிப் பாதியாகத் தேடுவது. கிட் பைசெக்ட் பயன்படுத்தியவங்களுக்கு இது கை வந்த கலை. மீதி பிரேக்கர்களில் பாதியை அணைத்துப் பார்க்கணும், சரியானால் அந்தப் பாதியில் தேடணும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பைசெக்ட் "குற்றவாளி ஒருவர்தான்" என்று நம்பி வேலை செய்யுது. ஒயரிங்கில் நாலு கருவிகள் சேர்ந்து சிக்னலைக் குடிக்கலாம். அதனால் இடத்தைக் குறுக்கிய பிறகு, கருவிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருகி எண்ணிக்கையைப் பார்க்கணும். இன்னொன்று, பிரேக்கரை மட்டும் அணைத்தால் யுபிஎஸ் சத்தம் போடும், ஆனால் சுவரில் சொருகியபடியே இருக்கும். ப்ளக்கை உருவிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

இப்படித் தேடியதில் கிடைத்தது, ஹாலில் இருந்த யுபிஎஸ். மானிட்டர் வாங்கிய அதே வாரம் வாங்கியது! கரண்ட் போனாலும் கிராஃப் அறுந்துவிடக் கூடாது என்று ரவுட்டரையும் கேட்வேயையும் அதில் மாட்டியிருக்கார். யுபிஎஸ் ப்ளக்கை உருவி, மானிட்டரை ஓடவிட்டால் பத்துக்கு எட்டு. இரண்டையும் நிறுத்தினால் பத்துக்குப் பத்து.

இன்னொரு விஷயமும் வெளிச்சத்துக்கு வந்தது. கேட்வே யுபிஎஸ்-க்குப் பின்னால் இருந்ததால், மானிட்டரின் சொந்த சிக்னலும் அங்கே தேய்ந்துதான் போய்ச் சேர்ந்தது. கிராஃபில் ஆங்காங்கே ஓட்டை விழுந்திருந்தது, அவர் கவனிக்கலை. ஒன்றுக்கொன்று எதிரின்னு நினைத்த இரண்டு கருவிக்கும் எதிரி ஒருவரே.

ஃபில்டரை எங்கே போடணும், எங்கே போடக் கூடாது

இதற்கென்று ப்ளக்-இன் ஃபில்டர் கிடைக்கும். சுவருக்கும் கருவிக்கும் நடுவில் சொருகணும். உள்ளே இருக்கும் காயில் 120 கிலோஹெர்ட்ஸைத் தடுக்கும். கருவியின் சத்தம் வெளியே வராது, வெளியே உள்ள சிக்னலையும் கருவி குடிக்காது. சத்தத்துக்கும் உறிஞ்சலுக்கும் ஒரே மருந்து.

பலர் சறுக்குவது இங்கேதான். "மானிட்டர்தானே தொந்தரவு, அதன் கேட்வேக்கு ஃபில்டர் போடுவோம்" என்று போட்டுடுவாங்க. அந்த கேட்வே ஒயரில் வரும் பேச்சைக் கேட்டுத்தான் வாழுது. ஃபில்டர் போட்டால் அதன் காதை அடைத்தது போல. மோதலை உண்டாக்கும் பேச்சு பேனலில் இருந்து வருது, அது அப்படியே தொடரும். ஒயரில் பேசும் கருவிக்கும் ஒயரைக் கேட்கும் கருவிக்கும் ஃபில்டர் போடாதீங்க. மற்றவற்றுக்குப் போடுங்க. வாங்கும்போது அது எத்தனை ஆம்பியர் தாங்கும், கருவி எத்தனை இழுக்கும் என்பதையும் பாருங்க.

நேயர் யுபிஎஸ்-க்கு ஃபில்டர் போட்டார். கேட்வேயை நேராகச் சுவர் பாயிண்டுக்கு மாற்றினார். பத்துக்கு எட்டு ஆனது. கிராஃப் ஓட்டைகளும் குறைந்தன.

மீதி இரண்டு? அது மோதல். அதற்கு ஃபில்டர் உதவாது. கம்ப்யூட்டரோடு இணைந்த கன்ட்ரோலர் வைத்திருந்தால் கட்டளையை இரண்டு முறை அனுப்பலாம். ஆனால் இடைவெளியைச் சரியாக ஒரு செகண்டின் மடங்காக வைக்காதீங்க. மானிட்டரும் செகண்டுக்கு ஒரு முறை பேசினால், இரண்டாவது முயற்சியும் அதே இடத்தில் போய் முட்டும். கொஞ்சம் கோணலான இடைவெளி நல்லது.

படிக்கட்டுக்கு மட்டும் வேறு பதில்

இவ்வளவும் செய்து பத்துக்குப் பத்தே வந்தாலும், படிக்கட்டு விளக்கை இதை நம்பி விடாதீங்கன்னுதான் அவரிடம் சொன்னேன். நாளைக்கு யாராவது புது டிவி வாங்கினால், எண்ணிக்கை மறுபடி இறங்கும். ஹாலில் அலங்கார விளக்கு எரியலைன்னா இன்னொரு முறை பட்டனை அழுத்தலாம். ராத்திரி ரெண்டு மணிக்குப் படியில் நிற்கிற பெரியவருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

சென்சாரும் விளக்கும் ஒரே உடம்பில் இருக்கும் சாதாரண நைட் லேம்ப் கடையில் கிடைக்குது. யாரிடமும் பேசாது, யாரையும் கேட்காது. அசைவு தெரிந்தால் எரியும். மேல் படியிலும் கீழ்ப் படியிலும் ஒவ்வொன்று சொருகச் சொன்னேன். ஆட்டோமேஷன் எபிசோடில் ஆட்டோமேஷன் வேண்டாம்னு சொல்றானேன்னு நினைக்காதீங்க. வழியில் எத்தனை கருவிகள் இருக்கோ, அத்தனை இடத்தில் கோளாறு வரலாம். பாதுகாப்புக்கான விளக்குக்கு வழி குட்டையாக இருக்கணும்.

சுருக்கமாக, வரிசையாக

எண்ணிக்கை எடுங்க: பத்துக்கு எத்தனை. ரேடியோ பகுதியையும் ஒயர் பகுதியையும் தனித்தனியாகச் சோதிங்க. மானிட்டரை நிறுத்தி எண்ணுங்க. பிறகு மற்ற கருவிகளைப் பாதிப் பாதியாக உருவி எண்ணுங்க, ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருகுங்க. டிரையர் ஓடும்போது மாற்றம் தெரியுதான்னு பாருங்க. சத்தத்துக்கும் உறிஞ்சலுக்கும் ஃபில்டர், இரண்டு லைனுக்கு நடுவே கப்ளர், மோதலுக்கு மறுமுயற்சி அல்லது வைஃபை மானிட்டர்.

"பவர்லைன் இன்டர்நெட் அடாப்டர் இருக்கு, அதுவும் மோதுமா?" என்று சிலர் கேட்பீங்க. ஹோம்ப்ளக் ஏவி வகை 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸில் பேசுது. 120 கிலோஹெர்ட்ஸில் இருந்து ரொம்ப தூரம். பேச்சு மோதுவது அரிது. ஆனால் அந்த அடாப்டரின் பவர் சப்ளையும் ஒரு கருவிதான், அதனால் சோதனைப் பட்டியலில் அதையும் சேர்த்துக்கோங்க.

கடைசியாக ஒன்று, இதில் சமரசம் கிடையாது. மெயின் பேனல் மூடியைத் திறக்கும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்க. மெயின் பிரேக்கரை அணைத்தாலும், தெருவில் இருந்து உள்ளே வரும் பெரிய ஒயர்களில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மானிட்டரின் வளையங்கள் மாட்டுவது சரியாக அந்த ஒயர்களில்தான். வெளியே இருந்து பிரேக்கரைத் தட்டுவதும், ப்ளக்கை உருவுவதும் மட்டும் நம்ம வேலை.

உங்க வீட்டில் இதுபோல விநோதமான கோளாறு இருந்தால், எண்ணிக்கையோடு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.